பன்னிரண்டாவது சிரித்த முகம்

அந்தச் சிறார் நல மையத்தில் அழுகிற குழந்தையே கிடையாது. இது நான் சொல்வதல்ல, வாசலில் ஆளுயரப் பலகையில் அவர்களே எழுதிவைத்திருப்பது: 'இங்கிருந்து எந்தக் குழந்தையும் அழுதுகொண்டு போவதில்லை.' சும்மா சொல்லக்கூடாது, அது உண்மைதான். அழுகிற குழந்தையை அவர்கள் வெளியே விடுவதில்லை. மலர்ச்சி அறை என்ற ஓர் அறையில் உட்காரவைத்துப் பேசிவிட்டு ஓர் அட்டையைக் காட்டுகிறார்கள். அட்டையில் ஐந்து முகங்கள். முதல் முகம் சிவப்பு, கண்ணீர் வடிக்கும். ஐந்தாவது மஞ்சள், பல் தெரியச் சிரிக்கும். குழந்தை மஞ்சளைத் தொட்டால் அதே மாதிரி ஒரு மஞ்சள் முகத்தைப் பதிவேட்டில் ஒட்டிவிட்டுக் கதவைத் திறந்துவிடுவார்கள். வேறு எதையாவது தொட்டால் பேச்சு மறுபடியும் முதலிலிருந்து தொடங்கும். கொஞ்சம் பசி எடுத்தால் எந்தக் குழந்தையும் மஞ்சளைத் தொட்டுவிடும்.

இந்த மையத்துக்குத்தான் மோட்டார் மெக்கானிக் ஒருவர் தன் மகளைக் கூட்டிக்கொண்டு போனார். தண்ணீர் மோட்டார் பழுதுபார்ப்பது அவர் தொழில். நீளமான ஸ்குரூ டிரைவரின் முனையை ஓடும் மோட்டாரின் மேல் வைத்து, கைப்பிடியைக் காதோடு ஒட்டிக்கொண்டு கண்ணை மூடுவார். உள்ளே தேய்ந்திருப்பது பேரிங்கா, விசிறியா என்று அரை நிமிடத்தில் சொல்லிவிடுவார். பள்ளிக்கூடம் விட்டால் மகளும் பட்டறைக்கு வந்து அதே மாதிரி காதை வைப்பாள். பொடிசாக, காரமாக இருந்ததால் அவளுக்கு மிளகு என்று பேர் வைத்தது பட்டறைக்கு வந்துபோகிறவர்கள்தான். "பேரிங் போச்சுப்பா" என்று ஏழு வயதிலேயே சொன்னவள்.

அவளுடைய இடது காதில் சீழ் வர ஆரம்பித்தது. வலியில் தலையணையைக் கடித்துக்கொண்டு படுத்திருப்பாள். சொட்டுமருந்து விட்டார்கள். சீழ் நின்றது, வந்தது, நின்றது. பிறகு அவள் ஸ்குரூ டிரைவரை வலது காதுக்கு மாற்றிக்கொண்டதை மெக்கானிக் கவனித்தார். ஒருநாள், தெருவுக்கே கேட்கும்படி உறுமிக்கொண்டிருந்த ஒரு மோட்டாரில் காதை வைத்துவிட்டு, "நல்லாத்தானேப்பா ஓடுது" என்றாள். மறுநாள் காலையே பட்டறையைப் பூட்டிவிட்டுக் கிளம்பினார்.

வரவேற்பு மேசையில் இருந்த பெண் கேட்ட முதல் கேள்வி, வயது.

"பன்னெண்டு முடிஞ்சு மூணு மாசம்."

துக்கம் விசாரிக்க வந்தவள் மாதிரி அந்தப் பெண் முகத்தை வைத்துக்கொண்டாள். "மொட்டுப் பிரிவு பன்னெண்டு வரைக்கும்தான். மலர்ப் பிரிவு பதிமூணு முடிஞ்சவங்களுக்கு. நடுவுல இருக்கிறவங்களுக்குன்னு இதழ் விரிப்புத் திட்டம்னு ஒண்ணு இருக்கு. அதுல சேத்துக்கிறேன்."

"அதுல காது பாப்பாங்களாம்மா?"

"அது திட்டம். பிரிவு இல்ல."

"ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்?"

"பிரிவுல டாக்டர் இருப்பாரு. திட்டத்துல நோக்கம் இருக்கும்."

மெக்கானிக் தலையைச் சொறிந்தார். கண்ணாடிக் கதவுக்கு அந்தப்பக்கம் மொட்டுப் பிரிவு தெரிந்தது. அங்கே காது மருத்துவர் சும்மாதான் உட்கார்ந்திருந்தார். காதுக்குள் வெளிச்சம் அடித்துப் பார்க்கிற சின்ன விளக்கு அவர் மேசைமேல் கிடந்தது. மெக்கானிக் நின்ற இடத்துக்கும் அந்த விளக்குக்கும் இருபது அடி இருக்கலாம்.

திட்டத்தில் இருக்கும் குழந்தைக்கு உடம்பில் ஏதாவது கோளாறு என்றால் மலர்ச்சி அலுவலர் ஒரு சீட்டு எழுதுவார், அந்தச் சீட்டு இருந்தால் மருத்துவர் பார்ப்பார் என்று அந்தப் பெண் விளக்கினாள். அந்தச் சீட்டு இல்லாமல் ஊரில் வேறு எங்கேயும் பதினெட்டு வயதுக்கு உட்பட்டவர்களைத் தொடமாட்டார்கள். சிறார்களின் நலனைக் காப்பதற்காக அப்படி ஓர் ஏற்பாடு.

மலர்ச்சி அலுவலர் பழுத்த அனுபவம் உள்ள அம்மாள். குழந்தைக்கு நேராக உட்கார்ந்து கேள்வி கேட்பது அதிகாரம் செலுத்துவதாகும் என்பது அவர்கள் கொள்கை. அதனால் மிளகின் நாற்காலியைச் சுவரில் வரைந்திருந்த மீன்களைப் பார்க்கும்படி திருப்பிப் போட்டார். தான் அவளுக்கு இடப்பக்கமாக ஒரு முக்காலியில் உட்கார்ந்துகொண்டார். குரலை உயர்த்துவதும் அதிகாரம் என்பதால் மெல்லப் பேசினார்.

"மேடம், பாப்பாவுக்கு இடது காதுல சீழ். இப்ப காதும் மந்தமா..." என்று ஆரம்பித்தார் மெக்கானிக்.

அலுவலர் விரலை உயர்த்தினார். "அப்பா, இங்க குழந்தைக்குப் பதிலா பெரியவங்க பேசக் கூடாது. அதுதான் உலகம் பூரா நடக்கிற கொடுமை. எங்களுக்குக் குழந்தையோட குரல்தான் முக்கியம்." பிறகு இடது காதின் பக்கம் குனிந்து, "கண்ணு, உனக்கு ஏதாவது கஷ்டம் இருக்கா?" என்றார்.

மிளகு மீனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் ஏதோ அசைவது தெரிந்து திரும்பினாள். அதற்குள் அந்த அம்மாள் பேசி முடித்துவிட்டார். மூன்றாவது தடவையும் 'என்ன' என்று கேட்டால் வகுப்பில் எல்லோருக்கும் கோபம் வருகிறது என்பதைச் சில மாதங்களாகவே மிளகு படித்துவைத்திருந்தாள். அப்படிப்பட்ட நேரத்தில் செய்யவேண்டியதும் அவளுக்குத் தெரிந்திருந்தது. அழகாகச் சிரித்தாள்.

"பாத்தீங்களா?" என்றார் அலுவலர். அட்டையை நீட்டினார். மிளகு எல்லா முகங்களையும் பார்த்துவிட்டு மஞ்சளைத் தொட்டாள். பதிவேட்டில் 'குறை ஏதும் இல்லை. ஒத்துழைப்பு மிக நன்று' என்று எழுதி முதல் மஞ்சள் முகத்தை ஒட்டினார்.

வீட்டில் மெக்கானிக்கின் மனைவி எல்லாவற்றையும் கேட்டாள். "மோட்டாருக்குக் குடுக்கிற காதை முன்னாலயே பொண்ணுக்கும் குடுத்திருந்தா இந்த அலைச்சல் இல்லைங்க" என்று ஒரு வார்த்தை சொன்னாள். சொல்லிவிட்டு அவளே உட்கார்ந்து அழுதாள். மறுநாள் அவள் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய், "மையத்துச் சீட்டு எங்கம்மா?" என்ற கேள்வியோடு திரும்பி வந்தாள்.

அன்று சாயங்காலமே மெக்கானிக் மகளுக்குப் பாடம் நடத்தினார். வலது காதுப் பக்கமாகக் குனிந்து, உரக்க, "அந்தம்மா உன்னப் பாத்ததும் எனக்குக் காது வலிக்குது, சரியாக் கேக்கலன்னு சொல்லு" என்றார். அவள் பத்துத் தடவை சொல்லிப் பார்த்தாள்.

இரண்டாவது முறை, அலுவலர் முக்காலியில் உட்காருமுன்பே மிளகு சொல்லிவிட்டாள். "எனக்குக் காது வலிக்குது. சரியாக் கேக்கல."

அலுவலர் பேனாவைக் கீழே வைத்தார். மெக்கானிக்கை வெகுநேரம் பார்த்தார். "யார் சொல்லிக் குடுத்தது?"

"நான்தான் மேடம். நீங்க கேக்கிறது அவளுக்கு..."

"நான் கேக்கிறதுக்கு முன்னாடியே பதில் வருது. இது குழந்தையோட குரல் இல்லப்பா. உங்க குரல். எங்க விதிப்படி இதுக்குப் பேரு புகட்டப்பட்ட குறை." அவர் உண்மையிலேயே வருத்தப்பட்டார். "பாவம், எவ்வளவு அழுத்தத்துல இருக்கு பாருங்க. இப்ப நான் கேக்கிறேன். கண்ணு, இது நீயா சொல்றதா, அப்பா சொல்லச் சொன்னதா?"

இதை அவர் இடது காதில்தான் கேட்டார். சொன்னது சரியாகப் போய்ச்சேர்ந்துவிட்டது, வேலை முடிந்தது என்று நினைத்த மிளகு நிம்மதியாகச் சிரித்தாள். இரண்டாவது மஞ்சள் முகம் ஒட்டப்பட்டது. சீட்டுக்குப் பதிலாக மெக்கானிக்குக் கிடைத்தது ஒரு படிவம். பெற்றோருக்கான ஆறு வார வகுப்பில் அவர் கட்டாயம் உட்காரவேண்டும். வகுப்பின் பெயர், 'செவிசாய்ப்போம்.'

ஆறு சனிக்கிழமை பட்டறை பூட்டிக்கிடந்தது. குழந்தைகளுக்கான குட்டி நாற்காலியில் முழங்கால் தாடையில் இடிக்க உட்கார்ந்து, மோட்டார்களின் முனகலைக்கூட அர்த்தம் பண்ணத் தெரிந்த அந்த மனிதர், கேட்பது எப்படி என்று கற்றுக்கொண்டார். கேட்கும்போது தலையை ஆட்டவேண்டும். நடுநடுவே 'ம்' சொல்லவேண்டும். நான்காவது வாரம் பொறுக்கமாட்டாமல் எழுந்து, "எம் பொண்ணுக்குக் காது கேக்கல மேடம்" என்றார்.

"குறுக்க பேசாதீங்கப்பா. கேக்கிறதோட முதல் விதியே அதுதான்" என்றார் அலுவலர். மற்ற பெற்றோர் தலையை ஆட்டி 'ம்' சொன்னார்கள்.

மெக்கானிக் வகுப்புக்குப் போன வாரங்களிலும், அதற்குப் பிறகு வந்த மாதங்களிலும், மிளகு இதழ் விரிப்புத் திட்டத்தின் அமர்வுகளில் இருந்தாள். ஓர் அமர்வில் இசைக்கு ஏற்ப அசைந்தார்கள். அவள் பக்கத்துப் பெண்ணின் தோளைப் பார்த்து அசைந்தாள். இன்னொன்றில் கண்ணை மூடிக்கொண்டு அலுவலர் சொல்லும் கடற்கரையைக் கற்பனை செய்தார்கள். அவள் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், கடற்கரை வரவில்லை. மற்றவர்கள் எழுந்து போன பிறகும் அப்படியே உட்கார்ந்திருந்ததற்காக 'ஆழ்ந்த ஈடுபாடு' என்று குறித்துக்கொண்டார்கள். ஒவ்வொரு அமர்வின் முடிவிலும் ஒரு மஞ்சள் முகம்.

அந்தக் கட்டடத்தில் விஷயம் புரிந்தது ஒரே ஒருவருக்குத்தான். தரை துடைக்கிற அக்கா ஒருநாள் மெக்கானிக்கை ஓரமாகக் கூப்பிட்டார். "தம்பி, மூணு தடவ காலத் தூக்கு பாப்பான்னு சொன்னேன். தூக்கல. பின்னாடி வாளி கவுந்து விழுது, திரும்பிக்கூடப் பாக்கல. புள்ளைக்குக் காது கேக்கல தம்பி. சீக்கிரம் யார்கிட்டயாவது காட்டு."

"இங்கதாங்க்கா காட்ட வந்தோம்" என்றார் மெக்கானிக்.

அக்கா அதை மலர்ச்சி அலுவலரிடமும் போய்ச் சொன்னார். குழந்தைகளைப் பற்றி அபிப்பிராயம் சொல்வது தரைப் பராமரிப்புப் பணியில் வராது என்று அவருக்கு நினைவூட்டல் கடிதம் கொடுத்தார்கள்.

மெக்கானிக் கடைசியில் காது மருத்துவரையே மடக்கினார். மருத்துவர் அந்தச் சின்ன விளக்கோடு கை கழுவ வெளியே வந்தபோது நடைபாதையில் வழிமறித்து நின்றார். "டாக்டர், ஒரே ஒரு நிமிஷம். இந்த விளக்க அடிச்சுக் காதுக்குள்ள பாத்துச் சொல்லிருங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

மருத்துவர் நல்லவர். அதுதான் இதில் கொடுமை. மிளகின் தலையைத் தடவிக்கொடுத்தார். "எனக்கும் இதே வயசுல பொண்ணு இருக்காங்க. உங்க கஷ்டம் புரியுது. ஆனா நான் பாத்துட்டா, பாத்ததாயிரும். பாத்ததாயிட்டா எழுதணும். மொட்டுல எழுதலாம்னா பாப்பாவுக்கு வயசு தாண்டிருச்சு. மலர்ல எழுதலாம்னா வயசு வரல. திட்டத்துல எழுத எனக்கு அதிகாரம் இல்ல. எழுதாம இருந்தா நான் நோயாளியக் கைவிட்டதாகும். அதனால பாக்காம இருக்கிறதுதான் பாப்பாவுக்கு நான் செய்யக்கூடிய பெரிய மரியாதை." விளக்கைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

இதற்குள் வலது காதிலும் சீழ் வந்திருந்தது.

இந்த நிலையில்தான் வீட்டுக்கு ஒரு கடிதம் வந்தது. மெக்கானிக் பிரிக்கும்போது சீட்டுத்தான் வந்துவிட்டது என்று அவர் மனைவி கையெடுத்துக் கும்பிட்டாள். அது சீட்டு இல்லை. மையத்தின் ஆண்டு விழாவுக்கான அழைப்பு. பதினோரு வருகை, பதினோரு மஞ்சள் முகம், இடையில் ஒரு தடவைகூடச் சிவப்பைத் தொட்டதில்லை. மையத்தின் வரலாற்றிலேயே இப்படி ஒரு பதிவேடு இருந்ததில்லை. அந்த ஆண்டின் மலர்ந்த முகமாக மிளகு தேர்ந்தெடுக்கப்பட்டிருந்தாள்.

விழாவுக்கு அவர் போனதற்குக் காரணம் ஒன்றுதான். அங்கே இயக்குநர் இருப்பார், நேரில் சொல்லிவிடலாம்.

இயக்குநர் நன்றாகப் பேசுகிறவர். "ஒரு காலத்தில் மருத்துவமனைகள் குழந்தைகளின் காதைப் பார்த்தன, மூக்கைப் பார்த்தன, தொண்டையைப் பார்த்தன. குழந்தையைப் பார்க்கவில்லை. நாம் குழந்தையைப் பார்க்கிறோம். உறுப்புகளைப் பார்ப்பதை வெகுவாகக் குறைத்திருக்கிறோம். மூன்றாண்டுகளுக்கு முன் நம்மிடம் வந்த குழந்தைகளில் பத்தில் நான்கு பேர் வலி என்றார்கள். இன்று ஒருவர்கூடச் சொல்வதில்லை. எப்படிச் சாதித்தோம்? மருந்தாலா? இல்லை. கேட்டோம். குழந்தைகளின் குரலைக் கேட்டோம்." அரங்கம் கை தட்டியது.

மலர்ச்சி அலுவலர் மிளகின் கையைப் பிடித்து மேடைக்கு அழைத்துப் போனார். இயக்குநர் ஒலிவாங்கியோடு அவள் பக்கம் குனிந்தார். "சொல்லும்மா. இந்த மையத்துல உனக்கு ரொம்பப் பிடிச்சது எது?"

அவர் மீசை அசைவதை மிளகு பார்த்தாள். அசைவு நின்றது. சிரித்தாள்.

"இந்தச் சிரிப்பை விட வேறென்ன பதில் வேண்டும்" என்றார் இயக்குநர் அரங்கத்தைப் பார்த்து.

மெக்கானிக் எழுந்தார். பட்டறையில் பத்து மோட்டார் ஓடும்போது பேசிப் பழகிய குரல் அவருடையது. "சார், அவளுக்குக் காது கேக்கல சார். பதினோரு தடவையும் கேக்காமத்தான் சிரிச்சா. இப்பவும் நீங்க கேட்டது அவளுக்குத் தெரியாது. தயவு பண்ணி ஒரு சீட்டுக் குடுங்க."

முன்வரிசையில் காது மருத்துவர் தன் காலணியைப் பார்த்துக்கொண்டிருந்தார். இயக்குநர் தலையை ஆட்டினார். இரண்டு முறை 'ம்' சொன்னார். முழுவதும் கேட்டுவிட்டுத்தான் பேசினார்.

"நண்பர்களே, ஒரு தகப்பனின் பதற்றம் இது. மகள் மேடையில் சிரிக்கிறாள், தகப்பன் கீழே கலங்குகிறார். மகளை மலரவைத்துவிட்டோம். தகப்பனுக்கு ஆறு வாரம் போதவில்லை என்று தெரிகிறது."

எல்லோரும் அன்பாகச் சிரித்தார்கள். ஊரே சிரிப்பதைப் பார்த்து மிளகும் சிரித்தாள். பிறகு எல்லோரும் கை தட்டினார்கள். அவளும் தட்டினாள்.

வீட்டுக்குப் போகிற வழியில் மெக்கானிக் அவளை நிறுத்தி, வலது காதில் வாயை வைத்துக் கேட்டார். "ஏம்மா ஒவ்வொரு தடவையும் மஞ்சளையே தொட்ட?"

இப்போதெல்லாம் மிளகு பேசுவது தெருவுக்கே கேட்கும். "செவப்பத் தொட்டா அவங்க மறுபடியும் பேச ஆரம்பிப்பாங்கப்பா. அவங்க பேசுறது எனக்குக் கேக்காது. மஞ்சளத் தொட்டா வீட்டுக்கு விட்டுருவாங்க."

அவர் நடுத்தெருவில் நின்று அழுதார். அவரிடம் ஐந்து முகம் வரைந்த அட்டையை யாரும் நீட்டவில்லை.

ஒரு வழியாக மிளகுக்குப் பதிமூன்று முடிந்தது. முடிந்த அன்று காலை முதல் ஆளாகப் போய் நின்றார்கள். வரவேற்பு மேசைப் பெண்ணுக்கே சந்தோஷம். "இனிமே திட்டம் இல்ல, பிரிவு. நேரா டாக்டரப் பாக்கலாம். அதே டாக்டர்தான், இந்தப்பக்கமும் அவரேதான் பாக்கிறாரு." மெக்கானிக்கும் அவர் மனைவியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

மலர்ப் பிரிவின் வாசலில் தரையில் ஒரு கோடு போட்டிருந்தார்கள். வளரிளம் பருவத்தினர் தம் காலில் நிற்கப் பழகவேண்டும் என்பதால் பெற்றோர் கோட்டைத் தாண்டக்கூடாது. மிளகு தனியாக உள்ளே போய், சுவரைப் பார்த்த நாற்காலியில் உட்கார்ந்தாள். கண்ணாடி வழியாக இருவரும் அவள் பின்னந்தலையைப் பார்த்தபடி நின்றார்கள். அவளுக்கு ஐந்தடி தள்ளித்தான் மருத்துவரின் கதவு.

உத்தரத்தில் இருந்த ஒலிபெருக்கி அவள் பெயரைக் கூப்பிட்டது. பின்னந்தலை அசையவில்லை. மறுபடியும் கூப்பிட்டது. மெக்கானிக் கண்ணாடியைத் தட்டினார். காவலாளி வந்து, இது அமைதி காக்கவேண்டிய இடம் என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டார். மூன்றாவது முறையும் கூப்பிட்டுவிட்டு ஒலிபெருக்கி வேறொரு பெயருக்குப் போனது. மிளகு சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பன்னிரண்டரை மணிக்கு மருத்துவர் கதவைப் பூட்டிக்கொண்டு போனார்.

மேசைப் பெண் பதிவேட்டைப் பார்த்தாள். "மூணு தடவ கூப்பிட்டிருக்கோம்ப்பா. பாப்பா வரல. சிகிச்சையில விருப்பம் இல்லன்னு பதிவாயிருச்சு."

"அவளுக்குக் காது கேக்காதும்மா. அதுக்குத்தான் வந்தோம்."

"அத டாக்டர்தான சொல்லணும்?"

"டாக்டர எப்பப் பாக்கிறது?"

"கூப்பிடுவோம்" என்றாள் அந்தப் பெண்.

மிளகு வெளியே வந்து அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். மேசைக்குப் பின்னால் இருந்த பெண்ணின் உதடு அசைந்து நின்றதையும் பார்த்தாள். எல்லாம் முடிந்துவிட்டது போலிருக்கிறது என்று நினைத்துச் சிரித்தாள். அந்தப் பெண்ணும் பதிலுக்குச் சிரித்துவிட்டு, பன்னிரண்டாவது மஞ்சள் முகத்தை எடுத்துப் பதிவேட்டில் ஒட்டினாள்.